மண்ணறியாத் திட்டங்கள்: தான்சானியா நாட்டு வரலாறு உணர்த்துவது

ஒரு நாடு விடுதலை பெற்றால் அதன் வறுமை தானே நீங்கிவிடும் என்று எண்ணிய காலம் ஒன்று உண்டு. ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தன்னாட்சி எய்திய நாடுகள் பலவும் அந்நம்பிக்கையோடுதான் தம் கொடிகளை ஏற்றின. ஆனால் மண்ணின் இயல்பு கொடியைக் கண்டு மாறுவதில்லை; மழை ஆள்வோரின் பெயரைக் கேட்டுப் பெய்வதில்லை. மேலிருப்போர் ஆணையிடக் கீழிருப்போர் அதன் விளைவைச் சுமக்கும் வழக்கமும் ஒரு நாளில் ஒழிந்துவிடுவதில்லை.

இவ்வுண்மையைத் தெளிவாகக் காட்டுவது கிழக்கு ஆப்பிரிக்காவிலுள்ள தான்சானியா நாட்டின் வரலாறு. செருமானியர் ஆட்சி, ஆங்கிலேயர் ஆட்சி, மண்ணின் மைந்தர் ஆட்சி என மூவகை ஆட்சிகளை நூறாண்டுக்குள் கண்ட நாடு அது. மூன்று ஆட்சிகளும் உழவர் வாழ்வை மாற்றுவதற்குப் பெருந்திட்டங்கள் வகுத்தன. நோக்கம் மூன்றிற்கும் ஒன்றன்று. ஆயினும் மூன்றும் ஒரே இடத்தில் இடறின. அவ்விடம் யாது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நிலமும் மழையும்

தான்சானியா ஏறத்தாழ 945,000 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள நாடு. 2022 ஆம் ஆண்டு எடுத்த கணக்கின்படி அங்கு வாழ்வோர் 6 கோடியே 17 இலட்சம் பேர். கிழக்கே இந்தியப் பெருங்கடல். மேற்கே ஆழமிக்க தாங்கனீக்கா ஏரி. வடக்கே விக்டோரியா ஏரியும், ஆப்பிரிக்காவின் மிக உயர்ந்த மலையாகிய கிளிமஞ்சாரோவும் உள்ளன. பனி மூடிய மலையும் கடல் போன்ற ஏரிகளும் உடைய நாட்டில் பஞ்சம் எங்ஙனம் வந்தது என்று படிப்போர் ஐயுறலாம்.

விடை மழையின் முறையில் உள்ளது. நாட்டின் வடபகுதியில் ஆண்டுக்கு இருமுறை மழை உண்டு. மார்ச்சு முதல் மே வரை பெய்வது பெருமழை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்வது சிறுமழை. நாட்டின் நடுவிலும் தெற்கிலும் ஒரே பருவந்தான். டொடோமாவைச் சூழ்ந்துள்ள உகோகோ என்னும் நடுநாட்டில் ஆண்டு மழை ஏறத்தாழ 500 முதல் 600 மில்லிமீட்டர் அளவினது. சிங்கப்பூரில் பெய்வதில் அது நான்கில் ஒரு பங்கே ஆகும். அதுவும் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை நான்கைந்து மாதங்களுக்குள் பெய்து முடிந்துவிடும். எஞ்சிய மாதங்களில் வானம் வறண்டிருக்கும்.

இங்கு ஒன்றைக் கருத்திற் கொள்ளவேண்டும். இத்தகைய நாட்டில் மழையின் அளவைக் காட்டிலும் அது வரும் நாளே பயிரின் விதியை முடிவு செய்கிறது. முதல் மழையை நம்பி விதைத்தபின் மூன்று வாரம் வெயில் காய்ந்தால் முளைத்த பயிர் கருகும். ஆண்டின் மொத்த மழை குறையாமலே பஞ்சம் வருவதும் உண்டு.

கோகோ மக்கள் இதனை அறிந்து வாழ்ந்தனர். வறட்சியைத் தாங்கும் சோளமும் கம்பும் அவர்களுடைய பயிர்கள். ஒரே இடத்தில் விதைக்காமல் பல இடங்களில் சிறு சிறு நிலங்களாக விதைத்தனர்; ஒன்று பொய்த்தாலும் மற்றொன்று காக்கும். மாடுகளையும் ஒரே பட்டியில் அடைத்து வைக்காமல் உறவினர் பலரிடம் பிரித்து விட்டுவைத்தனர். ஒரு பக்கம் நோயோ வறட்சியோ வந்தாலும் மறுபக்கம் சில மாடுகள் பிழைக்கும். தொலைவிலிருந்து நோக்குவார்க்கு இஃது ஒழுங்கற்ற வாழ்க்கையாகத் தோன்றும். அருகிருந்து நோக்கினால் பல தலைமுறைகள் பஞ்சத்திலிருந்து கற்றுக்கொண்ட முன்னெச்சரிக்கையே அது என்பது விளங்கும்.

மற்றொரு செய்தியும் அறியத்தக்கது. 1890 ஆம் ஆண்டையொட்டிக் கிழக்கு ஆப்பிரிக்கா முழுவதும் மாட்டுக் கொள்ளைநோய் பரவி, மந்தைகளில் பெரும்பகுதியை அழித்தது. பின்னாலே அம்மையும் பஞ்சமும் தொடர்ந்தன. மேய்ச்சல் நின்றதால் புதர் மண்டியது. புதரில் செட்சே ஈ பெருகிற்று. மாட்டுக்கும் மனிதருக்கும் உறக்கநோயைப் பரப்பும் அவ்வீக்கு அஞ்சி மக்கள் வெளியேறினர். பிற்காலத்தார் வரைபடத்தில் கண்டு மகிழ்ந்த வெற்று நிலங்கள் பல, உண்மையில் இவ்வாறு வெறுமையாக்கப்பட்ட நிலங்களே. யாரும் வாழாத இடத்தைக் கண்டால், அங்கு ஏன் யாரும் வாழவில்லை என்று முதலில் கேட்கவேண்டும். அக்கேள்வியைக் கேளாததால் விளைந்தவற்றை இனிக் காண்போம்.

பருத்தியும் மாஜி மாஜிப் போரும்

1885 முதல் இந்நாடு செருமானியர் ஆட்சிக்கு உட்பட்டது. செருமானிய ஆலைகளுக்குப் பருத்தி வேண்டியிருந்தது. 1902 இல் தார் எஸ் சலாம் வட்டாரத்தில் தொடங்கி, ஊர்தோறும் பொதுப் பருத்திக் கொல்லைகள் அமைக்குமாறு ஆட்சியினர் ஆணையிட்டனர். ஊர்மக்கள் ஆண்டில் குறிப்பிட்ட நாட்கள் அக்கொல்லையில் உழைத்தாகவேண்டும். கிடைத்த கூலியோ மிகச் சிறிது. அதனை வாங்கவும் சிலர் மறுத்தனர்.

கூலியைவிடக் கொடியது காலம். பருத்திக்குக் களை எடுக்கவேண்டிய நாட்களும் உணவுப் பயிருக்குக் களை எடுக்கவேண்டிய நாட்களும் ஒன்றே. மழையை நம்பிய நாட்டில் அந்நாட்கள் தவறினால் மீட்க வழியில்லை. ஆள்வோர்க்குப் பருத்தி குறைந்தால் கணக்கில் ஒரு வரி குறையும். உழவனுக்கோ அவ்வாண்டு உணவே இல்லாமற் போகும்.

1905 ஜூலையில் மாதும்பி மலைப்பகுதியில் மக்கள் எழுந்தனர். அவர்கள் முதலிற் செய்தது பருத்திச் செடிகளைப் பிடுங்கி எறிந்ததேயாகும். சுவாகிலி மொழியில் ‘மாஜி’ என்றால் நீர். கிஞ்சிகிதிலே என்னும் அருளாளர் வழங்கிய மந்திர நீர், பகைவரின் குண்டுகளை நீராக்கிவிடும் என்று நம்பி, பல இனத்தவர் ஒன்றாய்த் திரண்டனர். குண்டுகள் நீராகவில்லை. 1907 வரை நீடித்த அப்போரில் செருமானியப் படை ஊர்களையும் விளைச்சலையும் களஞ்சியங்களையும் எரித்தது. போரில் இறந்தாரினும் பின்வந்த பஞ்சத்தில் இறந்தாரே மிகுதி. செருமானியர் கணக்கு 75,000 என்றது. பிற்கால வரலாற்று ஆசிரியர் சிலர் இரண்டரை முதல் மூன்று இலட்சம் வரை மதிப்பிடுவர்.

ஆட்சியினர் இதனை மூடநம்பிக்கையால் விளைந்த கலகம் என்று எளிதாகக் கூறிவிடலாம். ஆயினும் மந்திர நீரை நம்பியோர் பருத்தியைப் பற்றிக் கொண்டிருந்த கருத்தில் மூடத்தனம் சிறிதும் இல்லை.

நிலக்கடலைத் திட்டம்

முதல் உலகப் போருக்குப்பின் செருமானியர் அகன்றனர். தாங்கனீக்கா என்னும் பெயருடன் நாடு ஆங்கிலேயர் பொறுப்பில் வந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது பிரிட்டனில் எண்ணெய்க்கும் கொழுப்புக்கும் பெருந்தட்டுப்பாடு. 1946 இல் யுனைடெட் ஆப்பிரிக்கா கம்பெனியின் நிருவாக இயக்குநர் ஃபிராங்க் சாமுவேல், கிழக்கு ஆப்பிரிக்காவின் வெற்று நிலங்களில் நிலக்கடலையைப் பொறிகளின் துணையால் பெருக விளைவிக்கலாம் என்று பிரிட்டிஷ் அரசுக்குக் கூறினார். நம்மவர் கச்சான் என்று வழங்கும் அதே கடலைதான்.

தாங்கனீக்காவின் முன்னாள் வேளாண்மை இயக்குநர் ஜான் வேக்பீல்டு தலைமையில் ஒரு குழு சென்றது. ஒன்பது வாரங்களில் அது தன் ஆய்வை முடித்தது; நிலத்தின் பெரும்பகுதியை வானூர்தியிலிருந்தே கண்டது. அதன் முடிவு வியப்பூட்டுவது. 3,210,000 ஏக்கர் நிலத்தைத் திருத்தி, முப்பதாயிரம் ஏக்கர் கொண்ட 107 பண்ணைகள் அமைக்கவேண்டும். அவற்றுள் 80 தாங்கனீக்காவில் அமையும். ஜொகூர் மாநிலத்தின் பரப்பில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு நிலம் அது! செலவு ஏறத்தாழ இரண்டரைக் கோடி பவுன் என மதிப்பிட்டனர்.

தொழிற்கட்சி அரசின் உணவு அமைச்சர் ஜான் ஸ்ட்ராச்சி இத்திட்டத்தை ஆர்வத்தோடு ஏற்றார். அவருடைய நோக்கத்தைக் குறை கூறுவதற்கில்லை. பிரிட்டிஷ் மக்களுக்குக் கொழுப்பு கிடைக்கும். ஆப்பிரிக்கருக்கு வேலையும் புதுமுறை வேளாண்மையும் கிடைக்கும் என்று அவர் மெய்யாகவே நம்பினார். போர்முனையிலிருந்து திரும்பிய பலர் மற்றொரு படையெடுப்புக்குச் செல்வதுபோல் ஊக்கத்துடன் சென்றனர்.

முதற் பண்ணைக்குத் தேர்ந்த இடம் உகோகோ நாட்டிலுள்ள கொங்வா. அங்கு மக்கள் குறைவு. ஆகவே நிலம் எளிதிற் கிடைக்கும் என்பது தேர்ந்தோர் கண்ட நன்மை. நீர் குறைவு, ஆகவேதான் மக்கள் குறைவு என்பது அவர்கள் காணாத உண்மை.

1947 இல் வேலை தொடங்கிற்று. போரில் எஞ்சிய பழைய இழுவைப் பொறிகளை வாங்கினர். அவற்றுட் பல விரைவிற் பழுதாகின. பொறிகளை இறக்கத் தார் எஸ் சலாம் துறைமுகத்தில் இடம் போதவில்லை. ஒற்றை இருப்புப்பாதையை வெள்ளம் அரித்துச் சென்றது. புதரின் வேர்கள் இரும்புபோல் இறுகியிருந்தன. ஷெர்மன் என்னும் போர்த் தாங்கிகளை இழுவைப் பொறிகளாக மாற்றிக் கொணர்ந்தனர். கப்பலின் நங்கூரச் சங்கிலியை இரு பொறிகளுக்கிடையே கட்டி இழுத்துப் புதரை வீழ்த்தினர். அவ்வாண்டே தார் எஸ் சலாம் துறைமுகத் தொழிலாளர் தொடங்கிய வேலைநிறுத்தம் இருப்புப்பாதை வழியே கொங்வா வரை பரவிற்று. முதலாண்டில் திருத்த எண்ணியது 150,000 ஏக்கர். விதைத்ததோ பத்தாயிரம் ஏக்கருக்கும் குறைவே.

புதரை வென்றபின் மண் எதிர்த்தது. கொங்வாவின் மண் களிகலந்தது; மணல் அரத்தைப்போல் கலப்பைக் கொழுவைத் தேய்த்தது. மழைக்காலத்தில் நெகிழும் அம்மண், கோடையில் காரைபோல் இறுகிவிடும். நிலக்கடலையோ மண்ணுக்குள் காய்க்கும் பயிர். அறுவடை நாளில் மண் இறுகினால் கடலையைத் தோண்டி எடுப்பது எங்ஙனம்? இந்த எளிய கேள்விக்கு மூன்று மில்லியன் ஏக்கர் திட்டத்தில் விடை இல்லை. அங்குள்ள உழவரைக் கேட்டிருந்தால் ஒரு மாலைப்பொழுதில் விடை கிடைத்திருக்கும்.

1948 இல் கடல்கடந்த உணவுக் கழகம் என்னும் அரசுக் கழகம் பொறுப்பேற்றது. மழை பொய்த்தது. சூரியகாந்தியை விதைத்துப் பார்த்தனர், அதுவும் வாடிற்று. 1951 ஜனவரியில் பிரிட்டிஷ் அரசு திட்டத்தைக் கைவிட்டது. இழப்பென்று எழுதித் தள்ளிய தொகை ஏறத்தாழ 3 கோடியே 60 இலட்சம் பவுன். தென்பகுதிப் பண்ணைக்கென இட்ட இருப்புப்பாதையும் ஏற்றுவதற்குச் சரக்கின்றி 1962 இல் மூடப்பட்டது.

இத்தோல்விக்குப் பொறிகளையும் வறட்சியையும் மட்டும் காரணம் காட்டுவோர் உளர். அவை துணைக் காரணங்களே. சிறு நிலத்தில் முதலில் விதைத்துப் பார்த்து, அதன்பின் பெருக்கும் வழக்கம் உலகெங்கும் உழவர்க்கு உண்டு. திட்டம் வகுத்தோர் அப்பொறுமையைக் காட்டவில்லை. இலண்டனில் குறித்த நாளே அவர்களுக்குப் பெரிதாயிற்று. கொங்வாவின் மழைநாள் சிறிதாயிற்று.

ஆசிரியர் ஆட்சி

1961 டிசம்பர் 9 ஆம் நாள் தாங்கனீக்கா விடுதலை பெற்றது. 1964 இல் சான்சிபார்த் தீவுடன் இணைந்து தான்சானியா ஆயிற்று. நாட்டை நடத்தியவர் ஜூலியஸ் நைரேரே. அவர் பள்ளி ஆசிரியராயிருந்து அரசியலுக்கு வந்தவர். நாட்டுத் தலைவரானபின்னும் மக்கள் அவரை ‘முவாலிமு’, அதாவது ‘ஆசிரியர்’ என்றே அழைத்தனர். ஷேக்ஸ்பியரின் ஜூலியஸ் சீசர் நாடகத்தைச் சுவாகிலியில் மொழிபெயர்த்தவர் அவர். நூற்றுக்கு மேற்பட்ட இனங்கள் வாழும் நாட்டில் சுவாகிலியைப் பொதுமொழியாக வளர்த்து, இனப்பூசலுக்கு இடமின்றிச் செய்த பெருமை அவருக்கு உண்டு. மொழியாசிரியராகிய நாம் இதனை மறத்தலாகாது.

1967 பிப்ரவரி 5 ஆம் நாள் வெளியான அருஷா அறிக்கை அவருடைய கொள்கையை உலகறியச் செய்தது. அயல்நாட்டுப் பணத்தை நம்பாமல் தன் உழைப்பை நம்பவேண்டும். ஆள்வோர் செல்வம் சேர்த்தலாகாது. உழவர் ஒன்றுகூடி வாழ்ந்து ஒன்றுகூடி உழைக்கவேண்டும் என்பன அதன் கருத்துகள். இக்கூட்டு வாழ்வுக்கு ‘உஜாமா’, அதாவது குடும்பத்தன்மை, என்று பெயரிட்டார். மக்களைப் பிறர் முன்னேற்ற இயலாது, அவர்களே தம்மை முன்னேற்றிக்கொள்ளவேண்டும் என்று 1968 இல் எழுதினார். கொங்வாவின் பாடத்தை அவரைவிடத் தெளிவாகக் கற்றவர் எவருமிலர் என்றே அப்பொழுது தோன்றிற்று.

அதற்குச் சான்றும் இருந்தது. மாஜி மாஜிப் போர் நடந்த தென்னாட்டில், சொங்கேயா வட்டாரத்தில், லிதோவா என்னும் ஊரில் இளைஞர் சிலர் தாமாகவே கூடிக் கூட்டுப்பண்ணை அமைத்தனர். அதனைப் பின்பற்றி எழுந்த ஊர்கள் ருவுமா வளர்ச்சிக் கழகம் என்னும் பெயரில் இணைந்தன. அவ்வூரார் என்ன விதைப்பது, வருவாயை எங்ஙனம் பங்கிடுவது, பள்ளியில் எதைக் கற்பிப்பது என்பவற்றைத் தாமே கூடி முடிவு செய்தனர். நைரேரே இதனைப் பாராட்டினார். ஆயினும் தம்மைக் கேளாமல் மக்கள் முடிவு செய்வது வட்டார அதிகாரிகளுக்கும் கட்சித் தலைவர்களுக்கும் உவப்பாயில்லை. 1969 செப்டம்பரில் ஆளுங்கட்சியின் மையக் குழு அக்கழகத்தைக் கலைத்தது. உஜாமாவின் பெயராலேயே உஜாமாவின் உயிர்ப்பான வடிவம் முடிவெய்தியது. இந்நாட்டின் வரலாற்றில் இதனினும் வருந்தத்தக்க நிகழ்ச்சி வேறு உண்டோ என்று ஐயுறுகிறேன்.

அதன்பின் ஊக்கத்தின் இடத்தை ஆணை பிடித்தது. 1973 இல், 1976 முடிவதற்குள் நாட்டுப்புற மக்கள் அனைவரும் புதிய ஊர்களில் குடியேறவேண்டும் என்று முடிவாயிற்று. ஏறத்தாழ 1 கோடியே 30 இலட்சம் மக்கள் ஏழாயிரத்துக்கு மேற்பட்ட ஊர்களில் வாழ்வதாக 1977 அளவில் கணக்குக் காட்டினர். ஆப்பிரிக்காவில் நிகழ்ந்த குடிபெயர்ப்புகளில் இது மிகப் பெரியவற்றுள் ஒன்று.

ஊர்களைச் சாலையோரத்தில் நேர்வரிசையாக அமைத்தனர். லாரி வருவதற்கு அது வசதி, கணக்கெடுப்பதற்கும் வசதி. ஆனால் மண் எங்கு நன்று, கிணற்று நீர் எத்தனை குடும்பத்துக்குப் போதும் என்பவற்றைப் பல இடங்களில் எவரும் எண்ணவில்லை. பல இடங்களில் சிதறியிருந்த சிறு நிலங்களை விட்டு மக்கள் ஓரிடத்தில் நெருங்கினர். பழைய நிலம் நடந்து செல்லும் தொலைவைத் தாண்டிற்று. ஊரைச் சுற்றிய மண் ஓயா உழவாலும் மாட்டின் குளம்பாலும் தேய்ந்தது. நகர மறுத்தோரின் வீடுகளுக்குத் தீ வைத்த அதிகாரிகளும் இருந்தனர். குறித்த நாளுக்குள் முடிக்கும் விரைவில், விதைப்புக் காலத்திலும் குடிபெயர்த்தனர்.

ருஃபிஜி ஆற்றங்கரையில் நிகழ்ந்தது இதற்குத் தக்க சான்று. அங்குள்ளோர் வெள்ளம் வடிந்தபின் எஞ்சும் வண்டலில் விதைத்து வாழ்ந்தவர். 1968 இல் பெருவெள்ளம் வந்தபோது, அவர்களைக் காப்பதற்கென்று மேட்டு நிலத்துக்கு மாற்றினர். வெள்ளம் அழிவு என்று அரசு கண்டது. அவ்வெள்ளமே அடுத்த ஆண்டின் உணவு என்பதை உழவர் அறிந்திருந்தனர். மேட்டிலிருந்து வண்டல் வயலுக்கு நாள்தோறும் நெடுந்தொலைவு நடக்கவேண்டியதாயிற்று.

குடிபெயர்ப்பு மும்முரமாய் நிகழ்ந்த அதே ஆண்டுகளில், 1973 முதல் 1975 வரை, வறட்சியும் வந்தது. எண்ணெய் விலை பன்மடங்கு உயர்ந்தது. தானியத்தைப் பெருமளவில் அயல்நாட்டிலிருந்து வாங்கவேண்டிய நிலை ஏற்பட்டது. தன் உழைப்பையே நம்புவோம் என்று அறிவித்த நாடு பிறர் தானியத்தை நம்பி வாழ்ந்தது.

நடுநிலையோடு நோக்கின் அக்காலத்து நன்மைகளையும் சொல்லவேண்டும். மக்கள் ஓரிடத்தில் கூடியதால் பள்ளியும் மருந்தகமும் பல ஊர்களுக்கு முதன்முறையாக வந்தன. முதியோர் கல்வி பரவிற்று. நைரேரே பொருள் சேர்த்தவர் அல்லர். 1985 இல் தாமே பதவியை விட்டு விலகினார். தம் ஆட்சியில் பிழைகள் நேர்ந்தன என்று பின்னாளில் ஒப்புக்கொண்டார். அத்தகைய சான்றோரின் ஆட்சியிலே இது நிகழ்ந்ததால்தான் நாம் இதனைக் கூர்ந்து நோக்கவேண்டும். தீயோன் கேளாமையால் கெடுப்பது புதிதன்று. நல்லோனும் கேளாவிடின் கெடுப்பான் என்பதே இங்குக் கற்கத்தக்கது.

கேட்பதற்கு இருந்த வழிகள் அனைத்தையும் அரசே அடைத்திருந்தது என்பதும் உண்மை. 1972 இல் ஊராட்சி மன்றங்களைக் கலைத்தனர். 1976 இல் உழவர் கூட்டுறவுச் சங்கங்களைக் கலைத்தனர். ஒரே கட்சியன்றி வேறு கட்சிக்கு 1992 வரை இடமில்லை. பிழை நேர்ந்தபோது அதனை மேலே எடுத்துச் சொல்லும் வாய் எதுவும் எஞ்சவில்லை. கலைத்த மன்றங்களையும் சங்கங்களையும் 1980களின் முற்பகுதியில் மீண்டும் அமைக்கவேண்டியதாயிற்று.

சின்யாங்கா காட்டிய வழி

இவ்வளவும் தோல்வியின் கதையே. ஆனால் அந்நாட்டு வரலாறு அதனோடு முடியவில்லை.

விக்டோரியா ஏரிக்குத் தெற்கே சின்யாங்கா என்னும் பகுதி உள்ளது. அங்கு வாழ்வோர் சுகுமா மக்கள். செட்சே ஈயை ஒழிப்பதற்காக 1920களில் தொடங்கி ஆங்கில ஆட்சியினர் காடுகளை வெட்டச் செய்தனர். பின்பு பருத்திக்காகவும் விறகுக்காகவும் மரங்கள் வீழ்ந்தன. குடிபெயர்ப்பும் சேர்ந்தது. மண் காற்றோடு பறந்தது. தான்சானியாவின் பாலைவனம் என்று அப்பகுதிக்குப் பெயராயிற்று.

1986 இல் அரசு அங்கு மண்காப்புத் திட்டம் ஒன்றைத் தொடங்கிற்று. ‘ஹாஷி’ என்பது அதன் சுருக்கப் பெயர். முதலில் அதிகாரிகள் வழக்கம்போல் நாற்றுப் பண்ணை வைத்து மரக்கன்று கொடுத்தனர், பயன் சிறிதாயிருந்தது. அதன்பின் செய்தது புதுமை. உங்கள் முன்னோர் என்ன செய்தனர் என்று மக்களைக் கேட்டனர்.

சுகுமா மக்களிடம் ‘இங்கிதிலி’ என்னும் பழைய வழக்கம் ஒன்று இருந்தது. மழை தொடங்கியதும் ஒரு துண்டு நிலத்தை மேய்ச்சலின்றி மூடிவைப்பர். புல்லும் மரமும் தாமே தழைக்கும். கோடை முற்றி வேறெங்கும் தீவனம் இல்லாதபோது அதனைத் திறப்பர். குடிபெயர்ப்பில் வீடும் நிலமும் பிரிந்ததால் அவ்வழக்கம் நலிந்திருந்தது. 1986 இல் கணக்கில் இருந்த இங்கிதிலி நிலம் ஏறத்தாழ 600 எக்டரே. புத்தாயிரத்தின் முதலாண்டுகளில் அது எண்ணூறுக்கு மேற்பட்ட ஊர்களில் மூன்று இலட்சம் எக்டருக்கும் மேலாகப் பரவிற்று.

இங்குப் பெரும்பகுதி நிலத்தில் மரம் நடவேண்டிய தேவையே எழவில்லை. வெட்டுண்ட மரங்களின் வேர் மண்ணுக்குள் உயிரோடிருந்தது, மூடிவைத்ததும் துளிர்த்தது. எந்நிலத்தை மூடுவது, மீறினோர்க்கு என்ன தண்டம் என்பவற்றைத் ‘தாகாஷிதா’ என்னும் ஊர்ப் பேரவை கூடி வகுத்தது. விறகும் தேனும் கூரைப்புல்லும் மருந்துச் செடியும் மீண்டன. விறகுக்காகப் பெண்கள் நடந்த தொலைவு குறைந்தது. 2002 இல் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டம் தொடர்பான ஈக்குவேட்டர் பரிசு இம்முயற்சிக்குக் கிட்டிற்று.

இதிலும் குறையில்லாமல் இல்லை. மாடும் நிலமும் மிகுந்தோர் பெரிய இங்கிதிலிகளைத் தமதாக்கிக்கொண்டனர். நிலமில்லாதார் பெற்ற பயன் சிறிது. ஊரைக் கேட்பதென்றால் ஊரில் யாரைக் கேட்பது என்னும் கேள்வி எஞ்சியே நிற்கிறது.

இன்று எழுந்துள்ள சோதனை

இக்காலத்தில் மழையே தன் முறையை மாற்றிக்கொண்டு வருகிறது. கிளிமஞ்சாரோவின் உச்சியில் 1912 இல் இருந்த பனிப்பரப்பில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் மறைந்துவிட்டது. 2006 இல் வறட்சியால் அணைகள் வற்றி நாடெங்கும் மின்வெட்டு நேர்ந்தது. 2023 டிசம்பரில் ஹானாங் மலையடியில் வெள்ளமும் சேறும் சரிந்து எண்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். 2024 ஏப்ரலில் பெருமழையால் இறந்தோர் தொகை 155 என நாடாளுமன்றத்தில் அறிவித்தனர்.

இம்மாற்றத்துக்கும் நம் பகுதிக்கும் தொடர்பு உண்டு. இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பகுதி வழக்கத்தினும் வெப்பமுறும் ஆண்டுகளில் கிழக்கு ஆப்பிரிக்காவில் வெள்ளமும், இந்தோனேசியத் தீவுகளில் வறட்சியும் ஏற்படுகின்றன. 1997, 2019 ஆகிய ஆண்டுகளில் மலேசியாவும் சிங்கப்பூரும் புகைமூட்டத்தில் மூச்சுத் திணறியபோது, அக்கரையில் மழை மிகையாய்ப் பெய்தது. ஒரே கடலின் இரு கரையிலுள்ளோர் நாம்.

ருஃபிஜி ஆற்றின்மேல் 2,115 மெகாவாட் ஆற்றலுள்ள பேரணையைத் தான்சானிய அரசு கட்டியுள்ளது. நைரேரேயின் பெயர் தாங்கிய அவ்வணையில் 2024 பிப்ரவரியில் மின்னாக்கம் தொடங்கிற்று. மின்விளக்கில்லாத வீடுகள் பல உள்ள நாட்டுக்கு மின்சாரம் இன்றியமையாதது. அதனை மறுப்பார் இலர். ஆனால் அவ்வாண்டு ஏப்ரலில் ஆற்றின் கீழ்ப்பகுதி வெள்ளத்தில் மூழ்கியபோது பழைய வழக்கு மீண்டும் எழுந்தது. அணையிலிருந்து திறந்த நீரும் காரணம் என்று ஊரார் பலர் கூறினர். அணை இல்லாவிடின் வெள்ளம் இன்னும் கொடிதாயிருக்கும் என்று ஆட்சியினர் கூறினர். 1968 இல் மேட்டுக்கு அனுப்பப்பட்டோரின் பேரப்பிள்ளைகள் இப்பொழுது அணையின் கீழ் வாழ்கின்றனர்.

சட்டத்தில் மக்களுக்கு இடமில்லை என்று கூறவியலாது. 1999 இல் இயற்றிய ஊர்நிலச் சட்டம், ஊரின் நிலத்தை ஊர் மன்றமே நிருவகிக்கவும், ஊர்ப் பேரவை ஒப்புதல் தரவும் வழி செய்கிறது. ஆனால் நாட்டின் நிலம் முழுவதற்கும் குடியரசுத் தலைவரே அறங்காவலர் என்பதும் சட்டமே. இவ்விரண்டில் எது ஓங்கும் என்பது அவ்வப்போது தெரியவருகிறது. 2022 ஜூனில் லோலியோண்டோ என்னும் இடத்தில் 1,500 சதுர கிலோமீட்டர் நிலத்தை விலங்குகளுக்கென்று எல்லை கட்டியபோது, அங்கு மேய்த்து வந்த மாசாய் மக்களுக்கும் காவலர்க்கும் மோதல் மூண்டது.

முடிவுரை

பருத்தி, நிலக்கடலை, குடிபெயர்ப்பு ஆகிய மூன்றும் இடறிய இடம் இப்பொழுது விளங்கும். பிழையின் விளைவைச் சுமப்பவன் உழவன். திட்டத்தை முடிவு செய்பவன் வேறொருவன். இவ்விருவருக்கும் இடையே சொல் செல்லும் வழி இல்லாத இடத்திலேதான் மூன்றும் வீழ்ந்தன. வறட்சி அவ்வீழ்ச்சியை விரைவுபடுத்தியதே அன்றித் தோற்றுவிக்கவில்லை. அறிவியலும் பொறியும் வேண்டா என்பது இதன் பொருளன்று. சின்யாங்காவிலும் அறிஞர் உதவினர்; அரசு உதவிற்று. அவர்கள் முதலில் கேட்டனர், பின்பு செய்தனர் என்பதே வேறுபாடு.

மழை முறைமாறும் இக்காலத்தில் பழைய அறிவு மட்டும் போதாது. புதிய அறிவு மட்டும் போதுமென்பதும் கொங்வாவில் பொய்த்துவிட்டது. முவாலிமு என்று மக்கள் அன்போடு அழைத்த அப்பெருமகன் வகுப்பறையில் அறிந்த ஒன்றை ஆட்சிப்பீடத்தில் மறந்தார். மாணவனைக் கேள்வி கேட்கவிடாத ஆசிரியர், தாம் கற்பித்தது அவனுக்குப் புரிந்ததா என்பதை ஒருபோதும் அறியமாட்டார். நாட்டை ஆள்வோர்க்கும் அது பொருந்தும்.